மகரக்கட்டு உடைஞ்சதுக்கு அப்புறம் வந்த பத்து வருஷம்: கமல் டைரக்டர் ஆனது எங்க?

காட்பாடி தம்பி ஒருத்தர் கேட்டது: "அண்ணா, கமல் அஞ்சு வயசுலயே ஸ்டாரு. ஏவிஎம்ல தூக்கி வச்சி கொஞ்சின புள்ள. அவரு டைரக்டர் ஆனதுல இன்னா ஆச்சரியம்? சின்ன வயசுல இருந்து லைட்டு, கேமரா, கட்டுன்னு பாத்து வளந்தவங்களுக்கு அது தானா வந்துடும். என்னை மாதிரி இருபத்திரெண்டு வயசுல முதல் தடவ கேமரா தொடுறவனுக்கு எங்கேர்ந்து வரும்?"

16 மே 2021

தம்பி, நீ சொன்னதுல பாதி சரி. மீதி பாதி ரெண்டு நாளா மண்டைக்குள்ள சுத்தினு இருக்குது. ஊரடங்குல என் கல்யாண வீடியோ ஸ்டுடியோ ஷட்டர் சாத்தியாச்சு, வைகாசி முகூர்த்தம் மொத்தமும் போச்சு, அதனால உக்காந்து எழுத நேரம் இருக்குது.

களத்தூர் கண்ணம்மா வந்தது 1960 ஆகஸ்ட் 12. கமல் பொறந்தது 1954 நவம்பர் 7, பரமக்குடில. படம் வரும்போது ஆறு வயசு கூட முடியல. ஜெமினி, சாவித்திரி ஜோடி, பீம்சிங் டைரக்‌ஷன். அந்த ஒரு படத்துக்கே ஜனாதிபதி மெடல். அதுக்கப்புறம் 1962, 63ல இன்னும் அஞ்சு படம். பார்த்தால் பசி தீரும், பாத காணிக்கை, வானம்பாடி, ஆனந்த ஜோதி, மலையாளத்துல கண்ணும் கரளும். அவ்ளோதான். அடுத்து அவர் பேர் சொல்ற மாதிரி வந்தது பாலச்சந்தரோட அரங்கேற்றம், அது 1973.

நடுவுல பத்து வருஷம் இருக்குது பாரு, எல்லாரும் அதை ஒரே வரில தாண்டிடுறாங்க. எட்டு ஒம்பது வயசுல முடிஞ்சுது, பதினெட்டு வயசுல தொடங்குச்சு. அந்த பத்து வருஷம் திரைல அவர் முகமே கிடையாது. என் கட்சி இதுதான்: டைரக்டர் கமல் ஏவிஎம் ஃப்ளோர்ல பொறக்கல, யாரும் அவரை கூப்பிடாத இந்த பத்து வருஷத்துல தான் பொறந்தார்.

16 மே, ராத்திரி

இதை நான் ஏன் இவ்ளோ உறுதியா சொல்றேன்னா எனக்கு அந்த பத்து வருஷம் இன்னான்னு தெரியும். சினிமால இல்ல, கூத்துல.

எங்க ஊரு ஆற்காடு பக்கம், பாலாத்துக்கு இந்தாண்ட கரை. எங்க பெரிப்பா கூத்து வாத்தியார், சொந்தமா ஜமா, அதாவது கூத்துக் குழு, வச்சினு இருந்தார். பங்குனி சித்திரைல திரௌபதி அம்மன் கோயில் பாரதம், ஆடில மாரியம்மனுக்கு, மயானக் கொள்ளை சமயத்துல வேற ஊரு, இப்படி வருஷத்துல பாதி நாள் ராத்திரி வீட்ல ஆம்பளைங்களே இருக்க மாட்டாங்க. நான் ஏழு வயசுல இரணியன் கூத்துல பிரகலாதன் கட்டினேன். 1984ல. முகத்துல முத்துவெள்ளை அடிச்சி, நெத்தில நாமம் போட்டு, சின்ன கிரீடம் ஒண்ணு, அது பெரிப்பாவே முருங்க கட்டைல செதுக்கினது. விடியக்காலம் மூணு மணிக்கு நான் வந்து நாராயணா நாராயணான்னு எடுத்து பாடினா தூங்கினு இருக்கிற ஜனம் அப்படியே எழுந்து உக்காரும். பொம்பளைங்க வந்து மடில காசு போடுவாங்க. அம்பது பைசா, ஒரு ரூபா, ஒரு தடவை ஒரு பாட்டி கால்ல இருந்த வெள்ளி மெட்டியை கழட்டி குடுத்துச்சு, பெரிப்பா திருப்பி குடுத்துட்டார்.

பன்னண்டு வயசுல தொண்டை உடைஞ்சிது. மகரக்கட்டுன்னு சொல்லுவாங்க நாடகக்காரங்க. ஒரு நாள் மேல்விஷாரம் தாண்டி ஒரு கிராமத்துல எடுத்த எடுப்புல குரல் ரெண்டா பிரிஞ்சிது, கீழ போவுது, மேல போவுது, முகவீணைக்காரர் பாவம் என் சுருதிக்கு பின்னாடியே ஓடினு இருந்தார். அன்னிக்கு காலைல பெரிப்பா கிரீடத்தை பொட்டில வச்சி மூடிட்டு என்கிட்ட சொன்னது ரெண்டே வார்த்தை: "திரை புடி."

அடுத்த வருஷத்துல இருந்து வேற ஒரு பையன் பிரகலாதன். நான் திரை புடிக்கிறவன்.

மீதி நாளைக்கு எழுதறேன்.

18 மே 2021

திரை புடிக்கிறதுன்னா தெரியாதவங்களுக்கு: புது வேஷம் வரும்போது ரெண்டு பேர் ஒரு துணியை விரிச்சி புடிச்சினு நிப்பாங்க, வேஷக்காரர் அதுக்கு பின்னாடி நின்னு பாடுவார், ஆடுவார், காலு மட்டும் தெரியும், சலங்கை கேக்கும், கிரீடத்து உச்சி தெரியும், அப்புறம் சரியான நேரத்துல திரையை எடுக்கணும். அந்த சரியான நேரம் எதுன்னு யாரும் சொல்லி தர மாட்டாங்க. ரவ முன்னாடி எடுத்தா உப்பு சப்பு இல்லாம போவும், ரவ லேட்டானா ஜனம் பீடி பத்த வச்சிடும். நாலு வருஷம் திரை புடிச்சேன். இன்னிக்கு கல்யாண வீடியோ எடிட் பண்ணும்போது பொண்ணு மண்டபத்துக்குள்ள வர்ற ஷாட்டை எந்த எடத்துல கட் பண்ணணும்னு என் கைக்கு தெரியுதுன்னா அது எந்த சாஃப்ட்வேரும் சொல்லி குடுத்தது இல்ல.

பிரகலாதனா ஆடின அஞ்சு வருஷத்துல நான் கத்துக்கிட்டது என் பாட்டு, என் அடவு, என் வசனம். திரை புடிச்ச நாலு வருஷத்துல கத்துக்கிட்டது மொத்த ராத்திரி. எங்க ஜனம் சோர்ந்து போவும், அங்க கட்டியங்காரனை, அதான் கூத்துக் கோமாளிய, உள்ள அனுப்பணும், எங்க பெட்ரோமாக்ஸை தூக்கி கட்டணும், படுகளத்துல, அதாவது துரியோதனன் சாகற கடைசி ஆட்டத்துல, அவன் வர்றதுக்கு முன்னாடி தாளத்தை எவ்ளோ நேரம் நிறுத்தி வைக்கணும், எல்லாம்.

இப்போ கமலுக்கு வர்றேன். அந்த பத்து வருஷத்துல அவரை கொண்டு போய் விட்ட எடம் டி.கே.எஸ். நாடகக் குழு. அவ்வை சண்முகம் கிட்ட. அந்த மனுஷனே ஒரு காலத்துல சின்ன பையனா மேடை ஏறினவர். 1918ல சங்கரதாஸ் சுவாமிகள் மதுரைல ஆரம்பிச்ச பால சபைல ஆறு வயசுல சேந்தவர். குரல் உடையறதுன்னா இன்னா, அப்போ அந்த பையனை இன்னா பண்ணணும்னு சின்ன பசங்களை வச்சி நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிக்காரங்களுக்கு தெரிஞ்ச மாதிரி வேற யாருக்கும் தெரியாது. வேஷம் இல்லைன்னா விரட்ட மாட்டாங்க. தட்டி தூக்கு, சீன் மாத்து, பாடம் கேளு. அப்படி ஒரு எடத்துல தான் இந்த பையன் போய் விழுந்தான்.

18 மே, கொஞ்ச நேரம் கழிச்சி

அதுக்கப்புறம் டான்ஸ் மாஸ்டர் தங்கப்பன் கிட்ட. உதவியாளரா. ஹீரோ ஹீரோயினுக்கு ஸ்டெப் சொல்லி குடுக்கிறது, கேமராவுக்கு வெளிய நின்னு ஒன் டூ த்ரீ எண்றது. ஜனாதிபதி கிட்ட மெடல் வாங்கின புள்ள பதினாறு பதினேழு வயசுல இந்த வேலைய பாத்துச்சு. அந்த வயசுல அது எவ்ளோ வலிச்சிருக்கும்னு நினைச்சி பாரு. எனக்கு வலிச்சுது. புதுசா வந்த பிரகலாதன் பையன் மடில காசு விழும்போது திரைய சுருட்டினு ஓரமா நிப்பேன், பாக்க முடியாம பொட்டிக்கு பின்னாடி போய் உக்காந்துப்பேன்.

21 மே 2021

ஒரு திருத்தம். குடியாத்தத்துல இருந்து ஒருத்தர் சரியா புடிச்சார். "பத்து வருஷம் திரைல முகமே கிடையாது"ன்னு எழுதிட்டேன், தப்பு. 1970ல மாணவன் படத்துல ஒரு பாட்டுக்கு கமல் ஆடியிருக்கார். கூட ஆடினது யாருன்னா குட்டி பத்மினி. அவங்களும் குழந்தை நட்சத்திரமா கொடி கட்டி பறந்தவங்க. 1971ல தங்கப்பன் மாஸ்டர் டைரக்ட் பண்ண அன்னை வேளாங்கண்ணிலயும் ரவ நேரம் வருவார்.

ஆனா இந்த திருத்தம் என் கட்சிய இன்னும் பலமாக்குதுன்னு தான் தோணுது. பாட்டுல ரெண்டு பேரும் இருக்காங்க, கதைல ரெண்டு பேருக்கும் எடம் இல்ல. ஒரு காலத்துல இவங்களை பாக்க தான் ஜனம் வந்துச்சு.

22 மே 2021

குட்டி பத்மினி பத்தி பேச்சு வந்ததால இது: சின்ன வயசுல நடிச்சி அப்புறம் கேமராவுக்கு பின்னாடி போனவங்க வேற யாருன்னு. அவங்களும் பின்னாடி டிவி சீரியல் தயாரிப்புக்கு போனாங்க. சிம்பு கைக்குழந்தையா இருந்தப்பவே அப்பா படத்துல நடிக்க ஆரம்பிச்சவர், 2006ல வல்லவன் டைரக்ட் பண்ணார். மராத்தில சச்சின் பில்காவ்கர், குழந்தையா நடிச்சி பெரிய டைரக்டரே ஆனார். எம்ஜிஆரை எடுத்துக்கோ, சினிமால குழந்தையா நடிக்கல, ஆனா மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனில வளந்த புள்ள, 1958ல நாடோடி மன்னன் சொந்தமா எடுத்து டைரக்ட் பண்ணார். அஞ்சு வருஷம் கழிச்சி ஆனந்த ஜோதில அவர் கூட நின்ன பையன் கமல். ஒரே ஷாட்டுல ரெண்டு டைரக்டர், ஒண்ணு ஆனது, இன்னொண்ணு ஆகப்போறது. இதை நினைச்சாலே எனக்கு சிலிர்க்குது.

26 மே 2021

ராணிப்பேட்டை அக்கா ஒருத்தங்க கேட்டது நல்ல கேள்வி. "பத்து வருஷத்துல கத்துக்கிட்டாருன்னா 1973லயே டைரக்ட் பண்ண வேண்டியது தானே? ஏன் அவ்ளோ லேட்டு?"

இதுக்கு ஒரு ஒப்பு சொல்றேன். அமெரிக்கால ரான் ஹோவர்டுன்னு ஒருத்தர். பொறந்தது 1954 மார்ச், கமல் பொறந்த அதே வருஷம். ஊரே பாத்த டிவி தொடர்ல சின்ன பையனா வந்தது 1960 அக்டோபர்ல. களத்தூர் கண்ணம்மா வந்து ரெண்டே மாசம். ரெண்டு பேரும் ஒரே வயசுல ஒரே நேரத்துல ரெண்டு நாட்டுல வீட்டுப்புள்ள மாதிரி ஆனவங்க. ஹோவர்டு முதல் படம் டைரக்ட் பண்ணது 1977ல, 23 வயசுல. கமல் பேர் டைரக்டர்னு முதல்ல வந்தது 1997 டிசம்பர்ல, இந்தில சாச்சி 420. அப்போ வயசு 43. இருபது வருஷம் வித்தியாசம்.

ஹோவர்டுக்கு நடுவுல பள்ளம் இல்ல. ஒரு தொடர் முடிஞ்சா இன்னொரு தொடர், கைல எப்பவும் வேலை, அந்த பேரை வச்சி "நான் நடிக்கறேன், டைரக்ட் பண்ணவும் விடுங்க"ன்னு தயாரிப்பாளர் கிட்ட பேரம் பேச முடிஞ்சுது. நம்மாளு திரும்பி வரும்போது புது ஆள். மறுபடி சின்ன வேஷத்துல இருந்து ஏறணும். 1974ல தான் மலையாளத்துல கன்னியாகுமரில ஹீரோ. அதுவும் யார் குடுத்தது? கே.எஸ்.சேதுமாதவன். கண்ணும் கரளும் படத்துல 1962ல சின்ன பையனா நடிக்க வச்ச அதே டைரக்டர். பன்னண்டு வருஷம் கழிச்சி அதே மனுஷன் கண்ணுக்கு அந்த பையன் தெரிஞ்சிருக்கான். இதை படிச்ச அன்னிக்கு எனக்கு பெரிப்பா ஞாபகம் தான் வந்துச்சு.

27 மே 2021

அக்காவுக்கு சொன்ன பதில் பாதி தான். லேட்டு ஆச்சுன்னு சொல்றதே சரியான்னு ராத்திரி பூரா யோசிச்சேன். டைட்டில்ல பேர் வந்தது லேட்டு. வேலை லேட்டு இல்ல.

1981 ராஜ பார்வை. அவரோட 100வது படம், சொந்த தயாரிப்புல முதல் படம், கதை அவர் எழுதினது. டைரக்‌ஷன் சிங்கீதம் சீனிவாச ராவ். மாயாபஜார் எடுத்த கே.வி.ரெட்டி கிட்ட உதவியா இருந்தவர் சிங்கீதம். கண்ணு தெரியாத வயலின்காரன் கதை, எல்.வி.பிரசாத்தை தாத்தாவா கூட்டினு வந்து நடிக்க வச்சாங்க. படம் ஓடல. அந்த கடனை அடைக்க வருஷக்கணக்கா ஆச்சு. அப்புறமும் விடல. சிங்கீதம் கூடவே பேசும் படம், அபூர்வ சகோதரர்கள், மைக்கேல் மதன காமராஜன். 1992 தேவர் மகன் திரைக்கதை கமல், டைரக்‌ஷன் பரதன். 1994 மகாநதி எழுத்து கமல், டைரக்‌ஷன் சந்தானபாரதி. 1995 குருதிப்புனல் திரைக்கதை கமல், டைரக்‌ஷன் பி.சி.ஸ்ரீராம்.

இது எல்லாம் இன்னா? திரை புடிக்கிறது தான். மேடைல அவரே வேஷமும் கட்டினு, திரையையும் புடிச்சினு இருந்திருக்கார். வாத்தியார் நாற்காலில மட்டும் வேற ஆளை உக்கார வச்சார். நல்ல ஆளா பாத்து உக்கார வச்சார், அவங்க கிட்ட இருந்து எடுத்துக்கிட்டார். அவசரப்படாம பதினாறு வருஷம்.

தேவர் மகன் நான் வேலூர்ல பாத்தேன், பதினஞ்சு வயசு. தீபாவளிக்கு. டவுன்ல தியேட்டர் வாசல்ல கூட்டம் ரோட்டை அடைச்சினு நின்னுச்சு. எல்லாரும் சிவாஜியா கமலான்னு பேசினு வந்தாங்க, நான் மட்டும் மதகு உடையற சீனையே நினைச்சினு ஊருக்கு பஸ் ஏறினேன். தண்ணி வந்த அப்புறம் யாரும் வசனம் பேசல. அந்த எடத்துல வசனம் வேணாம்னு முடிவு பண்ண ஒருத்தன் இருக்கான்னு அன்னிக்கு தான் முதல் தடவ தோணுச்சு.

2 ஜூன் 2021

சாச்சி 420 பத்தி ஒண்ணு விட்டுட்டேன், இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம்.

அது 1996ல வந்த அவ்வை சண்முகியோட இந்தி. அவ்வை சண்முகின்னு பேர் வச்சது அவ்வை சண்முகத்துக்கு மரியாதையா. அவ்வையாரா பொம்பள வேஷம் கட்டி பேர் வாங்கின அந்த குருவுக்கு. அப்போ கமல் டைரக்டர்னு கையெழுத்து போட்ட முதல் படமே எங்க போய் நிக்குது பாரு. குரல் உடைஞ்ச வயசுல சேத்துக்கிட்ட வாத்தியார் வாசல்ல. நான் இதை எங்கயும் படிக்கல, நானா கோத்து பாத்தது, அதனால யாருக்காவது வேற மாதிரி பட்டா சொல்லுங்க. எனக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அந்த இந்தி படத்துல மகளா வர்ற குட்டிப்பொண்ணு ஃபாத்திமா சனா ஷேக். இப்போ பெரிய நடிகை. ஒரு முன்னாள் குழந்தை நட்சத்திரம் முதல் தடவ டைரக்ட் பண்ணும்போது எதிர்ல ஒரு குழந்தை நின்னுச்சு. அந்த பொண்ணு வர்ற சீனை மறுபடி பாருங்க. கொஞ்சல் கம்மி. கேமராவுக்காக சிரிக்க வைக்கல. பெரியவங்க கிட்ட பேசற மாதிரி அது கிட்ட பேசுவார்.

3 ஜூன் 2021

ராணிப்பேட்டை அக்கா மறுபடி. இந்த தடவ கோவமா. நியாயமான கோவம், அதனால அவங்க சொன்னதை அப்படியே இங்க வைக்கறேன்:

"தம்பி, நீங்க பள்ளத்தை ரொம்ப அழகா காட்றீங்க. அவருக்கு அப்பா வக்கீல், அண்ணன் சாருஹாசன் வக்கீல், சோத்துக்கு கவலை இல்ல. உங்க கூத்துல ஆடின மத்த பசங்க இன்னா ஆனாங்க? அவங்களுக்கும் குரல் உடைஞ்சிருக்குமே."

ரெண்டு நாள் பதில் சொல்ல முடியல.

5 ஜூன் 2021

சொல்றேன்.

எனக்கு முன்னாடி பிரகலாதன் கட்டினவர் ராணிப்பேட்டைல தோல் ஷாப்புக்கு போயிட்டார். சுண்ணாம்பு தொட்டில நின்னு நின்னு கை விரல் தோல் உரிஞ்சி இருக்கும், கல்யாணத்துல பாத்தா பின்னாடி மறைச்சிப்பார். எனக்கு அப்புறம் கட்டினவன், எவன் மடில காசு விழறதை பாக்க முடியாம நான் போய் உக்காந்தேனோ அவன், பதினெட்டு வயசுல மிலிட்டரிக்கு போனான். நம்ம ஜில்லால அது சகஜம், கம்மவான்பேட்டைல வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல. அவன் குரல் உடைஞ்ச வருஷம் பெரிப்பாவுக்கு காலு முடியாம போய் ஜமாவே ரெண்டு வருஷம் நின்னு போச்சு. அவன்கிட்ட "திரை புடி"ன்னு சொல்ல ஆள் இல்ல. அவன் என்னை விட தாவல ஆடுவான். இதை இன்னிக்கு வரைக்கும் நான் அவன்கிட்ட சொன்னது இல்ல.

அதனால அக்கா, நான் 16ஆம் தேதி எழுதினதை மாத்திக்கறேன். பள்ளம் யாரையும் டைரக்டர் ஆக்காது. பள்ளத்துல விழுந்தவனை பந்தலுக்குள்ளயே வச்சிக்க ஒருத்தர் வேணும். வீட்ல சோறும் வேணும். கமலுக்கு சண்முகம் அண்ணாச்சி இருந்தார், தங்கப்பன் மாஸ்டர் இருந்தார், அப்புறம் பாலச்சந்தர். எனக்கு பெரிப்பா இருந்தார். அவனுக்கு அந்த ரெண்டு வருஷம் யாரும் இல்ல.

6 ஜூன் 2021

போன் நம்பர் தேடி எடுத்து அவன்கிட்ட பேசினேன். இப்போ ரிட்டையர் ஆகி ஊர்ல தான் கீறான். இதெல்லாம் சொன்னேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் "அந்த கிரீடம் யார்கிட்ட இருக்குது"ன்னு கேட்டான்.

19 ஜூன் 2021

படத்துக்கே வர்றேன், ரெண்டு பேர் விருமாண்டி பத்தி கேட்டு இருக்காங்க.

தமிழ்ல அவர் முதல்ல டைரக்ட் பண்ணது 2000ல ஹே ராம். அதுல வல்லபாய் படேல் மகளா ரவ நேரம் வர்ற சின்ன பொண்ணு ஸ்ருதி. அடுத்தது விருமாண்டி, 2004 ஜனவரி 14, பொங்கல் சமயம். ஹே ராம் பெரிய படம், ஆனா எனக்கு மனசுக்கு ஒட்டினது விருமாண்டி தான். தொரப்பாடில எங்க அத்தை வீடு, சின்ன வயசுல லீவுக்கு போனா ஜெயில் மதில் ஓரமா தான் நடந்து கடைக்கு போவோம். உள்ள இருக்கிறவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு கதை இருக்கும்னு அத்தை சொல்லும். விருமாண்டில ஜெயிலுக்குள்ள ரெண்டு பேர், ஒரே நடந்ததை ரெண்டு மாதிரி சொல்றாங்க. கொத்தாளத்தேவன் சொல்லும்போது விருமாண்டி முரடன், விருமாண்டி சொல்லும்போது அதே எடம், அதே ஆளுங்க, வேற கதை.

எல்லாரும் இதை ராஷோமோன்ங்கிற ஜப்பான் படத்தோட வச்சி பேசுவாங்க. இருக்கட்டும். கூத்து பாத்தவனுக்கு இது பழசு. துரியோதனன் திரைக்கு பின்னாடி இருந்து வந்து தன் கட்சிய பாடுவான், அந்த அரை மணி நேரம் அவன் சொல்றது தான் நியாயம், ஜனம் தலை ஆட்டும். அப்புறம் பீமன் வருவான். யாரு வேஷம் கட்டினு முன்னாடி நிக்கிறாங்களோ அந்த நேரத்துக்கு ராத்திரி அவங்களோடது.

இன்னொண்ணு சத்தம். அந்த படத்துல ஷூட்டிங்லயே குரலை புடிச்சாங்க, பின்னாடி டப்பிங் ரூம்ல உக்காந்து பேசல. அப்போ தமிழ்ல அது ரொம்ப அபூர்வம். ஜல்லிக்கட்டுல கத்துறது கத்துற மாதிரியே இருக்கும், மூச்சு வாங்கினா மூச்சு கேக்கும். நான் 1995ல வேலூர்ல ஒரு வீடியோ கடைல லைட்டு புடிக்க சேந்தேன், அப்போ விஹெச்எஸ், ரெண்டு டெக்கை வச்சி தான் எடிட்டிங். அந்த கடைல கல்யாணத்துல புடிச்ச சத்தம் மொத்தத்தையும் அழிச்சிட்டு மேல சினிமா பாட்டு போட்டுடுவாங்க. விருமாண்டி பாத்துட்டு வந்த வாரம் நான் தனியா எடுத்த முதல் கல்யாணத்துல நாதஸ்வரம், கெட்டிமேளம், பொண்ணோட அம்மா அழுதது எல்லாத்தையும் அப்படியே விட்டேன். பாட்டே போடல. அந்த வீட்டுக்காரங்க முதல்ல சண்டைக்கு வந்தாங்க. மூணு வருஷம் கழிச்சி அந்த அம்மா தவறிட்டாங்க, அப்புறம் அந்த பொண்ணு வந்து இன்னொரு காப்பி கேட்டு வாங்கினு போச்சு. அம்மா குரல் வேற எதுலயும் இல்லையாம்.

20 ஜூன் 2021

குழந்தை நட்சத்திரமா இருந்தவங்க டைரக்டர் ஆனா சின்ன புள்ள கதை எடுப்பாங்களான்னு காட்பாடி தம்பி கேக்கறார். ஜோடி ஃபாஸ்டர் எடுத்தாங்க, 1991ல, அதீத அறிவுள்ள ஒரு சின்ன பையனை பத்தி, அதுதான் அவங்க முதல் டைரக்‌ஷன். கமல் அப்படி எடுக்கல. எழுதினதுல மகாநதி தான் கிட்ட வருது, அதுல குழந்தைங்க தொலைஞ்சி போவாங்க. அதை நான் ஒரு தடவைக்கு மேல பாக்கல. முடியல.

11 ஜூலை 2021

விஸ்வரூபம் பத்தி ரவ எழுதிட்டு முடிச்சிக்கறேன்.

2013 ஜனவரி கடைசில தமிழ்நாட்ல படத்துக்கு தடை. வேலூர்காரங்களுக்கு ஒரு சௌகரியம், ஆந்திரா பக்கத்துல. நாங்க ஆறு பேர் ஒரு வேன் எடுத்துனு காட்பாடி வழியா சித்தூர் போய் தெலுங்குல பாத்தோம், 35 கிலோமீட்டர் தான். தியேட்டர் வாசல்ல நின்னதுல பாதிக்கு மேல தமிழ் பேச்சு. சொத்து மொத்தத்தையும் அடமானம் வச்சி எடுத்த படம்னு அவர் பேட்டி குடுத்து ரெண்டு மூணு நாள் தான் ஆயிருக்கும், அதனால உள்ள உக்காந்தப்ப எல்லாருக்கும் ஒரு மாதிரி மனசு கனமா இருந்துச்சு. இங்க பிப்ரவரி 7ஆம் தேதி வந்துச்சு, மறுபடி போய் தமிழ்ல பாத்தோம்.

அதுல ஆரம்பத்துல ஒரு கதக் ஆட்டம் வரும். பிர்ஜு மகாராஜ் அமைச்சது, அவருக்கு அதுக்கு தேசிய விருதும் கிடைச்சுது. அறுபதை நெருங்கற மனுஷன் அப்படி நளினமா ஆடறார். நான் பாத்தது அவரோட காலை இல்ல. கேமரா எப்போ கை விரலுக்கு போவுது, எப்போ கண்ணுக்கு வருதுன்னு பாத்தேன். டான்ஸ் தெரியாத டைரக்டர் முழு உருவத்தை காட்டி தப்பிச்சிப்பார், இல்லன்னா துண்டு துண்டா வெட்டிடுவார். இங்க தாளத்தை கேட்டு கட் விழுது. 1971ல கேமராவுக்கு வெளிய நின்னு ஒன் டூ த்ரீ எண்ணின பையன் தான் இங்க கேமராவுக்கு பின்னாடி எண்ணினு கீறான்.

தம்பி, நீ 22 வயசுல முதல் தடவ கேமரா தொட்டதா சொன்னே. நான் தொட்டப்ப எனக்கு பதினெட்டு, அதுவும் ஒரு வருஷம் லைட்டு தான் குடுத்தாங்க. நீ இன்னா வேலை பாக்கறே இப்போ? அதை சொல்லவே இல்லையே.

12 ஜூலை 2021

தம்பி பதில் போட்டார். சத்துவாச்சாரில அப்பாவோட தையல் கடை, ப்ளவுஸ் கட்டிங் இவர் தான் பாக்கறார், எட்டு வருஷமா. துணில எங்க வெட்டணும்னு தெரிஞ்சவர் என்கிட்ட வந்து எங்கேர்ந்து வரும்னு கேட்டு இருக்கார்! ஊரடங்கு முடிஞ்சதும் ஸ்டுடியோவுக்கு வாங்கன்னு சொல்லி இருக்கேன்.

24 ஏப்ரல் 2022

ரொம்ப மாசம் கழிச்சி எழுதறேன். ரெண்டு வருஷமா நின்னு போன பாரதக் கூத்து இந்த சித்திரைல எங்க ஊர்ல நடந்துச்சு. பெரிப்பா இல்ல, 2016லயே போயிட்டார். அவரோட பேரன் தான் இப்போ சின்ன வேஷம் எல்லாம் கட்டறான், பதிமூணு வயசு. அபிமன்யு. மூணாவது ராத்திரி மேல எடுத்த பாட்டு அப்படியே கீழ விழுந்துச்சு. எனக்கு மேல்விஷாரம் தாண்டி அந்த ராத்திரி அப்படியே வந்து நின்னுச்சு. பையன் ஆட்டம் முடிச்சிட்டு வேஷம் கலைக்காம பொட்டிக்கு பின்னாடி போய் உக்காந்துட்டான்.

நானும் போய் பக்கத்துல உக்காந்தேன். மிலிட்டரில இருந்து வந்தவனும் வந்தான், இந்த வருஷம் அவன் தான் முன்ன நின்னு எல்லாம் நடத்தினான், பின்பாட்டுக்கும் உக்காந்தான். அவன் தான் பையன்கிட்ட சொன்னான், நான் வாயே திறக்கல. "எழுந்து வா, துரியோதனன் வரப்போறான், திரை புடி."

சத்துவாச்சாரி தம்பி பதினெட்டாம் நாள் படுகளம் மொத்தமும் எடுத்தார். மண்ணுல செஞ்ச துரியோதனன் தலை மாட்டுல கேமராவ தரையோட வச்சினு படுத்துட்டார், பீமன் வர்றது அங்க இருந்து பாத்தா எப்படி இருக்குது தெரியுமா. பையன் ஒரு முனை திரை, மிலிட்டரிக்காரன் இன்னொரு முனை, நடுவுல சலங்கை காலு மட்டும். திரை எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு தாளம் நிறுத்தி வச்சாங்க ரெண்டு பேரும், பையனுக்கு அதை யாரும் சொல்லி தரல.

மெமரி கார்டு ரெண்டு நிரம்பி இருக்குது. சத்தம் எல்லாம் அப்படியே வச்சிருக்கோம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டுடியோல போட்டு பாக்கறோம், பையனும் வர்றான்.